நன்னீர்த் தொட்டியிலிருந்து கடல்நீர்த் தொட்டிக்கு

வீட்டிலே கண்ணாடித் தொட்டி வைத்து அழகு மீன் வளர்த்தல் இந்நாட்டிற் பலர்க்கும் பழகிய பொழுதுபோக்காகும். கப்பி, மொலி, பொன்மீன் முதலியவற்றை இரண்டொரு வருடம் நோயின்றி வளர்த்துக் குஞ்சும் பெற்ற ஒருவர்க்கு, அடுத்தபடியாகக் கடல் மீனையும் வளர்த்துப் பார்த்தல் வேண்டும் என்னும் ஆசை உண்டாதல் இயல்பே. கடல் மீன்களின் நிறமும் நடையும் நன்னீர் மீன்களிடத்துக் காண்டற்கரியன. நாற்புறமுங் கடல் சூழ்ந்த தீவில் வாழ்வோர்க்கு இவ்வாசை எளிதில் நிறைவேறும் என்று தோன்றலாம்.

ஆயினும், நன்னீர் வளர்ப்பிற் கைவந்த அனுபவத்தை மாத்திரம் நம்பிக் கடல்நீர்த் தொட்டி தொடங்குவோரிற் பலர் முதல் இரண்டொரு மாதத்துள்ளேயே மீன்களை இழக்கின்றனர். அவர்கள் கவலையீனர் என்பது இதற்குக் காரணமன்று. நன்னீரிற் சரியாயிருந்த பழக்கங்கள் சில, கடல்நீரிற் பிழையாகின்றன. அப்பழக்கங்கள் எவை, அவற்றை ஏன் மாற்றுதல் வேண்டும் என்பதை அறிந்து தொடங்குவோர் நட்டமடையார்.

இந்நட்டம் பணத்தளவில் நிற்பதன்று. கப்பியும் மொலியும் பண்ணைகளிலும் வீட்டுத் தொட்டிகளிலும் பெருகியவை. ஒன்று இறந்தால் இன்னொன்று பிறக்கும். கடையில் விற்கப்படும் கடல் மீன்களிற் பெரும்பாலானவை அங்ஙனம் பிறந்தவை அல்ல. சுழியோடிகள் முருகைக் கற்பாறைகளிலிருந்து பிடித்துக் கொணர்ந்தவை. அறியாமையால் இறக்கும் ஒவ்வொரு மீனும் கடலிலிருந்து குறைந்த ஒரு மீனாகும். ஆதலின், கடல்நீர்த் தொட்டி வைப்பவர் மீன் வாங்குமுன்பே அதனைக் காக்கக் கற்றிருத்தல் கடமையாகும்.

பழைய அனுபவம் ஒன்று

கடலுயிர்களை வீட்டில் வைத்து வளர்க்கும் வழக்கம் 19 ஆம் நூற்றாண்டின் நடுவிலே இங்கிலாந்திற் பரவியது. 1850 ஆம் ஆண்டளவில் இறொபேட்டு உவாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர் மீன், நத்தை, நீர்ப்பூண்டு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி ஒரே தொட்டியில் வாழத்தக்கன எனக் காட்டினார். 1853 இல் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் பொதுமக்கள் காணத்தக்க நீருயிர்க் காட்சிச் சாலை திறக்கப்பட்டது. அடுத்த வருடம் பிலிப்பு என்றி கொசு என்னும் இயற்கையறிஞர் இது பற்றி நூலெழுதினார். உடனே கடற்கரைக்குச் சென்று கடற்சாமந்தியும் நண்டும் வாரிவருதல் நாடெங்கும் நாகரிகமாயிற்று. வாரியவற்றிற் பெரும்பாலானவை சில நாளில் இறந்தன. சில பத்தாண்டுகளிற் கரையோரக் குளங்கள் வெறுமையடைந்தன. அவற்றின் அழிவைக் கொசுவின் மகன் எட்மண்டு கொசு 1907 இல் வெளியிட்ட தம் நூலில் வருந்திக் குறித்துள்ளார். அன்று நீரின் இயல்பு சரிவர விளங்கவில்லை. இன்று அது விளங்கியுள்ளது; ஆதலின் அதே பிழையை மீண்டுஞ் செய்தற்கு நியாயமில்லை.

கடல்நீரும் மீனின் உடலும்

ஓர் இலீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. மீனின் குருதியிலுள்ள உப்பு இதில் மூன்றிலொரு பங்களவே. நன்னீர் மீனைச் சூழ்ந்த நீரோ அதன் குருதியிலும் உப்புக் குறைந்தது. மெல்லிய தோலின் இருபுறத்தும் உப்பு வேறுபட்டிருப்பின், உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நீர் ஊடுருவிச் செல்லும். இது பிரசாரணம் எனப்படும்.

நன்னீர் மீனின் உடலினுள் நீர் இடைவிடாது புகுகின்றது. அம்மீன் நீரை மிகக் குறைவாகவே குடித்து, மிகுதியான சிறுநீரைக் கழித்து உயிர் வாழும். கடல் மீனின் உடலிலிருந்து நீர் இடைவிடாது வெளியேறுகின்றது. அது கடல்நீரைக் குடித்து, மிகையான உப்பைப் பூக்களின் வழியாக வெளியேற்றி உயிர் வாழும். கடலின் நடுவே வாழ்ந்தும் கடல் மீன் தாகத்தோடு போராடுவது என்று கூறினும் பொருந்தும். நீரின் உப்பளவு திடீரென மாறுமாயின் இப்போராட்டத்தில் அது தோல்வியுறும். நன்னீர்த் தொட்டியில் உப்பளவைப் பற்றிச் சிந்திக்கவே வேண்டியதில்லை. கடல்நீர்த் தொட்டியில் நாடோறும் சிந்திக்க வேண்டியது அதுவே.

ஒட்சிசனும் கவனித்தற்குரியது. 28 பாகை சதம வெப்பநிலையில் ஓர் இலீற்றர் நன்னீர் ஏறக்குறைய 7.8 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்துக்கொள்ளும். அதே வெப்பநிலையில் கடல்நீர் கொள்வது 6.4 மில்லிகிராம் அளவே. ஆதலின் ஒரே அளவான தொட்டியில் நன்னீர் மீன்கள் வாழுந் தொகையளவு கடல் மீன்கள் வாழமாட்டா.

கறியுப்பு உதவாமை

கறியுப்பை நீரிற் கரைத்தாற் கடல்நீராகும் என எண்ணுவோர் உளர். அது பிழை. 35 கிராம் கடலுப்பிற் குளோரைட்டு 19.3 கிராம், சோடியம் 10.8 கிராம், சல்பேற்று 2.7 கிராம், மகனீசியம் 1.3 கிராம், கல்சியம் 0.4 கிராம், பொற்றாசியம் 0.4 கிராம் என்ற அளவில் உள்ளன. எஞ்சியவை மிகச் சிறிய அளவில் உள்ள வேறு பொருள்கள்.

ஆனையிறவு, புத்தளம், அம்பாந்தோட்டை ஆகிய இடங்களில் உப்பு விளைவிக்கப்படும் முறையை அறிந்தவர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். பாத்தியிற் கடல்நீர் வற்றும்போது கல்சியச் சல்பேற்று முதலிற் படியும். பின்னரே சோடியங் குளோரைட்டு விளையும். மகனீசிய உப்புக்கள் கடைசியில் எஞ்சும் கசப்பு நீரில் நின்றுவிடும். அந்நீர் வடித்து அகற்றப்படும். ஆகவே சமையலுக்கு வரும் உப்பு, கடலின் மற்றைய உப்புக்களை நீக்கி எடுத்த ஒரு பங்கேயாம். மீன்தொட்டிக்கென எல்லா உப்புக்களையுஞ் சேர்த்துத் தயாரித்த கடலுப்புத் தூளை வாங்குதல் வேண்டும்.

இயற்கையான கடல்நீரைக் கொண்டுவருதலும் கரையோரத்தார்க்கு இயலும். ஆற்றுக் கழிமுகம், துறைமுகம், ஓட்டல்களின் கழிவுநீர் வாய்க்கால் ஆகியவற்றுக்குத் தொலைவான திறந்த கடலிலே, மழையில்லாத காலத்தில், நீரை எடுத்தல் வேண்டும். களப்பு நீர் ஆகாது. களப்புக்களின் உப்பளவு கோடையில் மிகக் கூடியும் மாரியில் மிகக் குறைந்தும் நிற்பது. எடுத்த நீரைத் துணியில் வடித்து, மூடிய பிளாத்திக்குக் கலத்தில் இருளில் இரண்டு வாரம் வைத்து, உப்பளவைச் சோதித்தபின் பயன்படுத்துக.

உப்புத்தூளைக் கரைக்கும் நீர்

உப்புத்தூள் நல்லதாயினும் கரைக்கும் நீர் தீயதாயிற் பயனில்லை. நகரக் குழாய்நீரில் குளோரீன் சேர்க்கப்படுகின்றது. அதனை நீக்கும் மருந்திட்டே பயன்படுத்துதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணக்கல்லூடு ஊறி வருவது. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு இடும் பசளையிலிருந்து நைத்திரேற்று இறங்கிய கிணறுகள் அங்குப் பல. சில கிணறுகளின் நீர் உவர்நீர் கலந்துமிருக்கும். இத்தகைய இடங்களிற் சவ்வு வடி கொண்டு தூய்மையாக்கிய நீரே தக்கது. அவ்வடி பல கடைகளிற் குடிநீருக்காகவே விற்கப்படுகின்றது. கறள் பிடித்த தகரக் கூரையிலும் செப்புக் குழாயிலும் வழிந்த மழைநீரை ஏற்றல் ஆகாது. செம்பு சிறிதளவு கலப்பினும் இறால், நண்டு, நத்தை, முருகை ஆகியவை இறக்கும்.

தொட்டியும் அது நிற்குமிடமும்

சிறு தொட்டி மலிவானதாதலின் முதன்முறைக்கு அதுவே போதும் என எண்ணுதல் தவறு. நீர் குறையக் குறைய உப்பும் வெப்பமும் விரைந்து மாறும். 90 சதமமீற்றர் நீளமும் 45 அகலமும் 45 உயரமும் உள்ள தொட்டி தொடக்கத்துக்கு ஏற்றது. அதில் 40 சதமமீற்றர் உயரத்துக்கு நிரப்பினால் 162 இலீற்றர் கொள்ளும். கல்லும் மணலும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் ஏறக்குறைய 140 இலீற்றர் நீர் இருக்கும். இலீற்றருக்கு 35 கிராம் வீதம் இதற்கு வேண்டிய உப்பு 4.9 கிலோகிராம்.

கண்ணாடி, கல், மணல், நீர் யாவுஞ் சேரின் நிறை 230 கிலோகிராமுக்குக் குறையாது. உறுதியான, மட்டமான மேசை வேண்டும். வெயில் படும் சன்னலோரம் ஆகாது. மேசையில் இரும்பு வெளித்தெரியின் உப்புநீர் தெறித்துக் கறள் பிடிக்கும். ஆதலின் பூச்சுப் பூசி வைத்தல் நன்று.

நீரை அசைத்தற்குக் காற்றுக்கல் மாத்திரம் போதாது. தொட்டியின் நீர் மணிக்குப் பத்து முறையேனும் சுழலுதல் வேண்டும். மேற்கூறிய தொட்டிக்கு மணிக்கு 1,400 இலீற்றர் நீரைத் தள்ளும் பம்பி வேண்டும் என்க. நுண்ணிய குமிழிகளால் அழுக்கை நுரையாக்கி அகற்றும் நுரைவடி என்னும் கருவி கடல்நீருக்கே உரியது. நன்னீரில் அத்துணை நுண்ணிய குமிழி நிலைப்பதில்லை. வசதியுள்ளோர் இதனையும் பூட்டுதல் நன்று.

கல்லும் மணலும்

நன்னீர்த் தொட்டியிற் சிப்பியும் சுண்ணக்கல்லும் நீரைக் காரமாக்கும் என்று விலக்குவர். கடல்நீர்த் தொட்டியில் அவையே வேண்டப்படுவன. கடல்நீரின் பீ. எச். பெறுமானம் 8.1 முதல் 8.4 வரை நிற்றல் வேண்டும். சுண்ணமணல் அதற்கு உதவும். புல்மோட்டைக் கரையிற் போலக் கரிய கனியமணல் கலந்த மணல் ஆகாது. கடற்கரையில் மணல் அள்ளுதற்கு அனுமதி வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

கல்லைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. கடலிலிருந்து உயிருள்ள முருகைக் கல்லை உடைத்தெடுத்தல் இந்நாட்டுச் சட்டப்படி குற்றமாகும். கல்முருகைகள் தாவர விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தாற் காக்கப்பட்டவை. இச்சட்டம் வெறும் எழுத்தன்று என்பதைத் தென்மேற்குக் கரை கண்டறிந்துள்ளது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி வந்த ஆழிப்பேரலை, முருகைப் பாறை காக்கப்பட்டிருந்த இக்கடுவையிற் சிறிது தூரமே உட்புகுந்தது. சட்டத்துக்கு மாறாக முருகைக்கல் வாரப்பட்டிருந்த அண்மையிலுள்ள பெரலியவில் அவ்வலை ஒன்றரைக் கிலோமீற்றர் வரை உட்புகுந்து புகைவண்டியையும் கவிழ்த்தது. பின்னர் ஆராய்ந்த அறிஞர் இவ்வேறுபாட்டுக்குக் கல் அகற்றப்பட்டமையை ஒரு காரணமாகக் கூறினர். இவையன்றி, 1998 ஆம் ஆண்டிலும் 2016 ஆம் ஆண்டிலும் கடல் சூடேறியமையால் முருகைகள் வெளிறிப் பெருமளவில் இறந்தன. எஞ்சியவற்றிற் கைவைத்தல் தகாது.

தொட்டிக்கு உயிரற்ற உலர்ந்த சுண்ணக்கல், துளையுள்ள சுட்ட மண்துண்டு, சீமெந்தில் வார்த்து மாதக்கணக்கில் நீரில் ஊறவைத்த கல் ஆகியவை போதும். நுண்ணுயிர்கள் காலப்போக்கில் அவற்றிற் குடியேறும். முதலிற் கல்லைத் தொட்டியின் அடியில் அசையாமல் நிறுத்தி, அதன்பின் மணலைப் பரப்புக. மணலின் மேல் வைத்த கல்லை, மணல் தோண்டும் மீன் சரித்துவிடும்.

தொட்டி முதிர்தல்

மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அமோனியாவாகும். ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாகவும், வேறொருவகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றும். நன்னீர் வளர்த்தோர் இதனை அறிவர். கடல்நீரில் இரண்டு வேறுபாடுகள் உள.

முதலாவது, அமோனியாவின் நச்சுத்தன்மை நீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. பீ. எச். 7 ஆயிருக்கும் நீரிலே அமோனியாவின் நூற்றிலொரு பங்கிலுங் குறைவே நச்சு நிலையில் உள்ளது. 8.2 ஆயிருக்கும் நீரில் அப்பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். நன்னீரில் மீன் தாங்கிய அளவு கடல்நீரிற் கொல்லும். இரண்டாவது, இப்பற்றீரியாக்கள் கடல்நீரில் மெதுவாகப் பெருகும். நன்னீர்த் தொட்டியிற் பழகிய வடிப்பஞ்சைக் கொண்டுவந்து இட்டாலும் பயனில்லை. அதிலுள்ளவை உப்பில் மடியும்.

ஆதலின் மீனின்றியே தொட்டியை முதிரவிடுதல் வேண்டும். உப்புநீர் நிரப்பிப் பம்பியை ஓடவிட்டு, தோலுரித்த பச்சை இறால் ஒன்றைத் துணியிற் கட்டித் தொங்கவிடுக. இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதனை மருந்து கொண்டு அமோனியாவையும் நைத்திரைற்றையும் அளந்து குறிப்பேட்டில் எழுதுக. முதலில் அமோனியா உயரும். அது தாழத் தொடங்கும்போது நைத்திரைற்று உயரும். ஈற்றில் இரண்டும் அற்றுப்போகும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரஞ் செல்லும். சில தொட்டிகளில் அதனிலுங் கூடும். நாட்காட்டியை நம்பாது சோதனையை நம்புக. ஒரு வாரம் தொடர்ந்து இரண்டும் இன்மையாகக் காணப்பட்ட பின்னரே மீன் விடலாம். இக்காலத்திற் கல்லிலும் கண்ணாடியிலும் கபில நிறப் பாசி படர்தல் இயல்பு; அதனைக் கண்டு நீரையெல்லாம் மாற்றுதல் கூடாது. “பதறிய கருமம் சிதறும்” என்பது இங்கு முற்றும் பொருந்தும்.

கைவிட வேண்டிய பழக்கங்கள்

(1) குறைந்த நீரை நிரப்புதல். தொட்டியிலிருந்து ஆவியாவது நீரே, உப்பு ஆவியாவதில்லை. குறைந்த அளவுக்கு உப்பில்லாத தூய நீரையே விடுதல் வேண்டும். 140 இலீற்றர்த் தொட்டியில் 5 இலீற்றர் வற்றியபோதெல்லாம் உப்புநீரே விடுவாராயின், ஒருமுறைக்கு 175 கிராம் உப்பு மிகையாகச் சேரும். நான்கு முறையில் 700 கிராம் சேர்ந்து, இலீற்றருக்கு 35 கிராமாயிருந்த உப்பு 40 கிராமாகும். நீர் தெளிவாகவே தோன்றும். மீன் காரணந் தெரியாது நலியும்.

(2) தொட்டியினுள் உப்பிடுதல். நன்னீர் மீன் நோயுற்றால் ஒரு பிடி உப்பைத் தொட்டியில் இடும் வழக்கம் உண்டு. கடல்நீர்த் தொட்டியில் உயிர்கள் இருக்கும்போது உப்புத்தூளை நேரே இடுதல் கூடவே கூடாது. வேறு வாளியில் முதலில் நீரையும் பின்னர் உப்பையும் இட்டு, ஒரு நாள் காற்றூட்டிக் கலக்கி, அடர்த்தியை அளந்தபின் பயன்படுத்துக.

(3) கண்ணளவு. உப்பளவைச் சுவைத்தோ குத்துமதிப்பாகவோ அறிய முடியாது. நீரடர்த்திமானி அல்லது ஒளிமுறிவுமானி கட்டாயம் வேண்டும். தன்னீர்ப்பு 1.023 க்கும் 1.026 க்கும் இடையில், நாளுக்கு நாள் மாறாது நிற்றல் வேண்டும்.

(4) மீன்தொகை. நீரின் அளவுக்கு இத்தனை மீன் என நன்னீருக்குக் கொள்ளும் கணக்கை இங்குக் கொள்ளற்க. 140 இலீற்றருக்கு மூன்று அல்லது நான்கு சிறு மீன்களே போதும்.

(5) ஒரே நாளில் நிரப்புதல். இரண்டு மீன்களை விட்டு, மூன்று நான்கு வாரம் கழிந்து அமோனியா தோன்றாமை கண்டபின்பே அடுத்ததை வாங்குக.

மொலியைக் கொண்டு பழகுதல்

முதன்முதற் பழகுவோர்க்கு அனுகூலமான வழி ஒன்றுண்டு. மொலி மீன் நன்னீரிலும் கடல்நீரிலும் வாழவல்லது. தொட்டி முதிர்ந்தபின், மூன்று நான்கு மொலிகளை வேறு கலத்தில் வைத்து, ஒரு வாரத்திற் சிறிது சிறிதாக உப்பைக் கூட்டிக் கடல்நீருக்குப் பழக்கித் தொட்டியில் விடலாம். ஒரு மாதம் அவற்றை வளர்த்து, உப்பளவு மாறாமலும் அமோனியா தோன்றாமலும் காத்தவர் கடல் மீனை வாங்கத் தகுதி பெற்றவராவர். காக்க இயலாதவர் கடலிலிருந்து ஒன்றையும் எடுக்காமலே தம் குறையை அறிந்து திருத்திக்கொள்வர். பண்ணையிற் பிறந்த மலிவான மீனிடத்து இப்பாடத்தைக் கற்பது எவ்வகையானும் நன்று.

முதலில் வாங்கத்தக்கவை

தொடக்கத்துக்கு ஏற்றது கோமாளி மீன். இந்நாட்டுக் கடலிலும் இதன் இனங்கள் உள. அவற்றுள் ஒன்றை இலங்கைக் கரையோர மீன்களைப் பற்றிப் பென்னெற்று என்பவர் எழுதிய நூலிலேயே 1830 இல் உலகம் முதன்முதல் அறிந்தது. கோமாளி மீன்கள் யாவும் ஆணாகவே வளரும். கூட்டத்திற் பெரியது பின்னர்ப் பெண்ணாக மாறும். ஆகையாற் சிறியவை இரண்டை வாங்கினால் அவை தாமே சோடியாகும். கடலில் இவை கடற்சாமந்தியோடு வாழினும் தொட்டியில் அஃதின்றியும் நலமாய் வாழும். கடற்சாமந்திக்கு மிக்க ஒளியும் ஆறு மாதத்துக்கு மேல் முதிர்ந்த தொட்டியும் வேண்டும். முதல் வருடத்தில் அதனை வாங்காதிருத்தலே நன்று. கோமாளி மீன் இப்பொழுது பண்ணைகளிற் குஞ்சு பொரிக்கப்பட்டும் விற்பனைக்கு வருகின்றது. கிடைக்குமாயின் அதனையே கேட்டு வாங்குக. அது தொட்டி வாழ்வுக்குப் பழகியது. உலர்ந்த உணவையும் உண்ணும். இதனோடு சிறிய உழுவை இன மீன் ஒன்றும், பாசி தின்னும் நத்தைகளும், துறவி நண்டு இரண்டொன்றும் சேர்க்கலாம்.

அழகாற் கவரப்பட்டு வாங்கக்கூடாதவையும் உள. வண்ணத்துப்பூச்சி மீன்களிற் பல உயிருள்ள முருகையையே தின்பவை. தொட்டியில் வேறு உணவை ஏலாது பட்டினியால் இறக்கும். துப்புரவு மீன் எனப்படும் சிறு மீன் மற்றைய மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழ்வது. சிறு தொட்டியில் அதற்கு உணவில்லை. நீல நிற முள்வால் மீன்களுக்கு நீந்த மிக்க இடம் வேண்டும். சிங்க மீனின் முள் நஞ்சுடையது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. அது குத்தினால், பொறுக்கத்தக்க சூடான நீரில் அவ்விடத்தை அமிழ்த்தி வைத்து, தாமதியாது வைத்தியரிடஞ் செல்க.

வாங்கும்போது மீன் உணவு உண்பதைக் கடையிலேயே காட்டுமாறு கேட்டல் வேண்டும். எவ்வாறு பிடிக்கப்பட்டது என்பதையும் விசாரிக்க. முருகையின் மேற் கவித்துப் பிடிக்கும் மொக்சி வலை பாறையை உடைப்பதாதலின் இந்நாட்டிற் தடைசெய்யப்பட்டுள்ளது. கேட்டு வாங்குவோர் பலராயின், விற்போரும் நல்வழியிற் பிடித்த மீனையே நாடுவர்.

ஒதுக்கி வைத்தலும் நோயும்

வாங்கிய மீனை உடனே தொட்டியில் விடற்க. வேறு சிறு தொட்டியில் நான்கு வாரம் ஒதுக்கி வைத்துப் பார்த்தல் வேண்டும். கடல் மீனுக்கு வரும் வெண்புள்ளி நோய், நன்னீர் மீனுக்கு வருவதைப் போலத் தோன்றினும் வேறோர் உயிரால் உண்டாவது. நன்னீரில் வெப்பத்தைக் கூட்டி உப்பிட்டு அதனைத் தீர்ப்பர். கடல்நீரில் அம்முறை பயன்படாது. செம்பு மருந்தே பெரிதும் வழங்குவது. ஆனால் அதனை ஒதுக்குத் தொட்டியில் மாத்திரம், அளவு சோதித்தே இடுதல் வேண்டும். பெருந்தொட்டியில் இட்டால் நத்தையும் நண்டும் இறப்பதோடு, கல்லும் மணலும் செம்பை உறிஞ்சிப் பின்னருந் தீங்கு செய்யும்.

வெப்பமும் மின்சாரமும்

குளிர்நாட்டு நூல்கள் நீரைச் சூடாக்கும் கருவியை வற்புறுத்தும். நம் தாழ்நிலத்தில் நீர் மிகச் சூடேறுவதே இடர். 25 முதல் 28 பாகை சதமம் நன்று. பங்குனி, சித்திரை மாதங்களில் நீர் 30 பாகையைக் கடக்குமாயின், தொட்டியின் மேல் மூடியை நீக்கி வலை போட்டு, சிறு மின்விசிறி ஒன்றை நீரின் மேல் வீசவிடுக. இரண்டு மூன்று பாகை தாழும். அப்போது நீர் விரைந்து வற்றுமாதலின் தூய நீர் விடுதலை மறவற்க. நுவரெலியா போன்ற குளிரிடங்களிற் சூடாக்கியே வளர்த்தல் வேண்டும்.

மின்சாரம் நின்றால் நீரோட்டம் நிற்கும். ஒட்சிசன் விரைவிற் குறையும். 2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட நாட்களிற் பலர் இதனை அனுபவத்தால் அறிந்தனர். மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்றை வீட்டில் வைத்திருத்தல் வேண்டும். மின்சாரம் நின்ற வேளையில் உணவு கொடுத்தல் ஆகாது. உப்புநீர் மின்னை நன்கு கடத்துவது. மின்கசிவின்போது தானே துண்டிக்கும் ஆளி பூட்டிய இணைப்பையே பயன்படுத்துக. கம்பிகள் தொட்டியிலிருந்து இறங்கிக் கீழே வளைந்து, பின் செருகிக்கு ஏறுமாறு அமைக்க. அங்ஙனம் அமைப்பின் வழியும் நீர் செருகியை அடையாது சொட்டிவிடும்.

நாளாந்தமும் வாராந்தமும் செய்யவேண்டியவை

நாடோறும்: மீன்களை எண்ணுக, வெப்பநிலையைப் பார்க்க, வற்றிய அளவுக்குத் தூய நீர் விடுக, சிறிதளவு உணவை இருமுறை கொடுக்க. இரண்டு நிமிடத்தில் உண்ணாது எஞ்சுவது மிகையாகும். நறுக்கிய இறால், உறைந்த ஆட்டீமியா, உலர்ந்த உணவு ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம்.

வாரந்தோறும்: உப்பளவை அளக்க; அமோனியா, நைத்திரேற்று, பீ. எச். ஆகியவற்றைச் சோதிக்க, கண்ணாடிப் பாசியைச் சுரண்டுக, பத்திலொரு பங்கு நீரை மாற்றுக. மேற்கூறிய தொட்டிக்கு 14 இலீற்றர் நீரும் 490 கிராம் உப்பும் வேண்டும். இவ்வாளியையும் துணியையும் சவர்க்காரம் படாது தனியே வைத்திருத்தல் வேண்டும்.

மாதந்தோறும்: பம்பியின் சில்லைக் கழற்றிக் கழுவுக, உப்புப் பூத்த இடங்களை ஈரத் துணியாற் துடைக்க, குறிப்பேட்டை முதலிலிருந்து படித்து மாறுதலை அறிக.

தொடங்குமுன் எண்ண வேண்டியவை

உப்புத்தூள், சோதனை மருந்து, தூய நீர், மின்சாரம் ஆகிய நான்கும் தொட்டி வாங்கும் நாளோடு முடியும் செலவல்ல, மாதந்தோறும் வருவன. குடும்பத்தின் வரவு செலவுக்கு அவை அடங்குமா என்று முதலிற் கணக்கிடுக. வீட்டார் வெளியூர் செல்லும் நாட்களில் நீர்விடவும் உணவு கொடுக்கவும் பழகிய ஒருவர் உளரா என்றும் பார்க்க. இவற்றுக்கு விடை இல்லையாயின் நன்னீர்த் தொட்டியையே மேலும் திருத்தமாக வளர்த்தலில் இழிவு யாதுமில்லை. இந்நாட்டு ஓடைகளுக்கே உரிய நன்னீர் மீன்கள் அழகிற் குறைந்தவை அல்ல. ஐயமுள்ளோர் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் உத்தியோகத்தரிடம் ஆலோசனை பெறலாம்.

தொடங்கத் துணிந்தோர் முதல் இரண்டு மாதத்தை நீருக்கும், மூன்றாவது மாதத்தை மொலிக்கும் கொடுத்து, நான்காவது மாதத்திற் கடல் மீனுக்கு இடங் கொடுப்பாராக. கோமாளி மீன் நன்கு பேணப்படின் பத்து வருடத்துக்கு மேலும் வாழவல்லது. அதற்கு முன் செலவிடும் மூன்று மாதம் நெடுங்காலமன்று.